எண்ணெய் பூசிய வேல்கள்

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவை தூது போன கதை நம் எல்லோருக்கும் தெரியும். அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். வேல்களுக்கு எண்ணெய் பூசியிருந்தது. மயிற்பீலி சூட்டி, மாலை போட்டிருந்தது. காம்புகள் திருத்தமாக இருந்தன, கொட்டிலுக்குக் காவலும் பலமாக இருந்தது. கண்டதைக் கண்டபடி ஔவை பாராட்டினாள். கூடவே, அதியமானின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் சொன்னாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தொண்டைமானின் ஆயுதங்கள் உண்மையிலேயே பளபளத்தன.

நான் பாராட்டப் போவது அமெரிக்கக் கார்த் தொழிலாளர்களின் சங்கமான யு.ஏ.டபிள்யூ.வின் ஐந்தாம் வட்டாரத் தலைவர்களை. ஔவை வைத்துக்கொண்ட விதியையே நானும் வைத்துக்கொள்கிறேன்: நடந்ததைச் சொல்வேன், நடக்காததைச் சேர்க்க மாட்டேன். சங்கம் இல்லாவிட்டால் ஆலைக்குள் தொழிலாளிக்கு வாய் இல்லை என்று நம்புகிறவன் நான். அந்த நம்பிக்கைதான் இந்தப் பாராட்டை எழுத வைக்கிறது.

டெட்ராய்ட்டைத் தலைமையகமாகக் கொண்ட யு.ஏ.டபிள்யூ. 1935-ல் பிறந்தது. இந்தக் கதை நடந்த காலத்தில் அதற்குச் சுமார் 4 லட்சம் உறுப்பினர்கள். நாடு முழுக்கப் பல வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இயக்குநரை வைப்பது அந்தச் சங்கத்தின் முறை. ஐந்தாம் வட்டாரம் 17 மாநிலங்களில் பரந்து கிடந்தது. அதன் அலுவலகம் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய ஹேசல்வுட்டில் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் வென்ட்ஸ்வில் ஆலையும் டெக்சாஸின் ஆர்லிங்டன் ஆலையும் கான்சாஸின் ஃபேர்ஃபேக்ஸ் ஆலையும் அந்த எல்லைக்குள் வந்தன. கேரி ஜோன்ஸ் 2012-ல் அந்த வட்டாரத்தின் இயக்குநரானார். 2018-ல் அவர் அகில சங்கத்தின் தலைவராக உயர்ந்தபோது அவருடைய இடத்துக்கு வான்ஸ் பியர்சன் வந்தார். இந்த இருவரோடு, 2014 முதல் 2018 வரை சங்கத் தலைவராக இருந்த டென்னிஸ் வில்லியம்ஸையும் சேர்த்தே வாழ்த்த வேண்டும்.

முதலில் அவர்களுடைய விருந்தோம்பல்.

ஜனவரியில் மிசூரியில் பனி உறையும். காலை ஷிஃப்டுக்குப் போகிறவர் இருட்டில் எழுந்து, கார்க் கண்ணாடியில் இறுகிய பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். அந்தப் பருவத்தில் வட்டாரத்துக் கிளை நிர்வாகிகளைக் கூட்டிப் பேசுவதற்குத் தலைவர்கள் தேர்ந்த இடம் கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ். பாலைவனமும் மலையும் சூழ்ந்த ஊர். குளிர்காலத்திலும் இதமான வெயில், திரும்பிய பக்கமெல்லாம் கோல்ஃப் மைதானம். கருத்தரங்கு சில நாட்களில் முடிந்துவிடும். கிளை நிர்வாகிகள் அவரவர் ஆலைக்குத் திரும்பிவிடுவார்கள். தலைவர்கள் மட்டும் அந்த ஊரைச் சட்டென்று கைவிடவில்லை. தனி வீடுகளை மாதக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். ஒருவரை ஒருவர் குறைவின்றி உபசரித்தார்கள். சாப்பாடு, மது, கோல்ஃப், சுருட்டு என்று எதிலும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. 2014-க்கும் 2018-க்கும் இடையில் சுருட்டுக்கும் அதைச் சார்ந்த பொருட்களுக்கும் மட்டும் 60,000 டாலருக்கு மேல் போயிருக்கிறது. ஒரே தடவையில் 13,000 டாலருக்கு மேல் சுருட்டு வாங்கியதும் உண்டு.

இந்த உபசரிப்பின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ள, பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2014 ஜூனில் கூடிய சங்க மாநாடு சந்தாவை உயர்த்தியது. அதுவரை மாதத்துக்கு இரண்டு மணி நேரச் சம்பளமாக இருந்த சந்தா இரண்டரை மணி நேரச் சம்பளமாயிற்று. 1967-க்குப் பிறகு 47 ஆண்டுகளில் அதுவே முதல் உயர்வு. வேலைநிறுத்த நிதியைப் பலப்படுத்தத்தான் கேட்கிறோம் என்றார்கள், தொழிலாளர்களும் கொடுத்தார்கள். அன்று மணிக்கு 28 டாலர் வாங்கிய மூத்த தொழிலாளி மாதம் 70 டாலர் சந்தா கட்டினார் என்று வையுங்கள். சுருட்டுக்குப் போன 60,000 டாலரைச் சேர்க்க அவர் 71 ஆண்டு சந்தா கட்ட வேண்டும். 2007 ஒப்பந்தத்துக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களுக்கு அதே வேலைக்கு ஏறக்குறையப் பாதிச் சம்பளம்தான் அப்போது கிடைத்தது. மணிக்கு 16 டாலர் வாங்கிய ஓர் இளைஞருக்கு இதே கணக்கு 125 ஆண்டாகிறது. மூன்று தலைமுறை கன்வேயர் முன்னால் நின்றால்தான் அத்தனை சுருட்டுக்குப் பணம் சேரும். அப்படிப்பட்ட ஓர் உபசரிப்பை ஐந்தே குளிர்காலங்களில் செய்து முடித்தார்கள். இதை நான் எப்படிச் சிறிய சாதனை என்று சொல்வேன்?

அடுத்தது கணக்குத் திறமை.

கேரி ஜோன்ஸ் தகுதி பெற்ற கணக்காளர். 1975-ல் ஓக்லஹோமாவில் ஃபோர்டின் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சங்கத்தின் கணக்குப் பிரிவில் உழைத்து மேலே வந்தவர். டென்னிஸ் வில்லியம்ஸ் தலைவராவதற்கு முன் நான்கு ஆண்டுகள் சங்கத்தின் பொருளாளர். பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர்கள் ஊரில் பலர் இருக்கலாம். பெட்டியைச் செய்யவே தெரிந்தவர்கள் இவர்கள்.

செய்த முறை இதுதான். கருத்தரங்குக்காக ஓட்டலில் ஒரு பொதுக் கணக்கு இருக்கும். அறை வாடகை, சாப்பாடு, கூட்ட மண்டபம் எல்லாம் அதில் ஏறும். அதே கணக்கில் வீட்டு வாடகையும் சுருட்டுக் கடையும் கோல்ஃப் கட்டணமும் ஏறின. ஓட்டல் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு மொத்த பில்லை அனுப்பும். டெட்ராய்ட் தலைமையகத்துக்குப் போய்ச் சேரும்போது அது கருத்தரங்குச் செலவு. எந்தப் பூட்டும் உடையவில்லை, எந்தப் பேரேட்டிலும் பக்கம் கிழியவில்லை. தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா என்று நம் ஊரில் கேட்பார்கள். அந்தப் பழமொழி புறங்கையோடு நின்றுவிடுகிறது. ஜோன்ஸும் கூட்டாளிகளும் சேர்ந்து கையாடியது 10 லட்சம் டாலருக்கு மேல் என்று வழக்கில் நிலைபெற்றது. ஆலையில் தொழிலாளி இரண்டு நிமிடம் தாமதமாகக் கார்டு போட்டால் அதைக் கண்டுபிடிக்க இயந்திரம் இருக்கிறது. ஆண்டுக்கணக்காக நடந்த இந்த வேலை சங்கத்தின் சொந்தத் தணிக்கையின் கண்ணில் படவில்லை. உழைப்பின் மீது நம்பிக்கை உள்ள எவரும் அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவது, மரபைத் தாண்டும் துணிவு.

இந்தச் சங்கத்தின் மரபு கடினமானது. 1936 டிசம்பர் 30 முதல் 1937 பிப்ரவரி 11 வரை 44 நாட்கள், மிச்சிகனின் ஃபிளின்ட் நகரத்துத் தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியேறாமல், இயந்திரங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் சங்கத்தை ஏற்றது அதன் பிறகுதான். அதே 1937 மே மாதம், ஃபோர்டின் ரூஜ் ஆலைக்கு வெளியே மேம்பாலத்தில் துண்டறிக்கை கொடுக்கப் போன வால்டர் ரூதரை நிறுவனத்தின் அடியாட்கள் ரத்தம் வர அடித்தார்கள். பின்னாளில் 1946 முதல் 1970 வரை சங்கத்தை நடத்தியவர் அவர்தான். அவரைச் சிக்கவைக்க வேண்டும் என்று 1958-ல் செனட் விசாரணைக் குழு அவருடைய கணக்குகளைத் துருவியபோது, வெளியூர்ப் பயணத்தில் ஓட்டலில் துணி வெளுத்த செலவைக்கூட அவர் சொந்தப் பணத்தில் கட்டியிருந்தது தெரிந்தது.

அந்த மனிதர் கனவு கண்டது மிச்சிகனின் பிளாக் லேக் ஏரிக்கரையில் ஒரு கல்வி மையம். சாதாரணத் தொழிலாளி குடும்பத்தோடு வந்து தங்கிப் படிக்க வேண்டும், காட்டையும் ஏரியையும் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். 1970 மே 9-ம் தேதி அந்த மையத்தைப் பார்க்கப் போகும் வழியில்தான் விமானம் விழுந்து, மனைவியோடு இறந்தார். அதே ஏரிக்கரையில் வில்லியம்ஸின் ஓய்வு வாழ்வுக்காகச் சங்கப் பணத்தில் ஒரு வீடு எழுந்தது. விவகாரம் வெளியே வந்த பிறகு அதை விற்பதாகச் சங்கமே அறிவித்தது. ரூதர் கட்டியது தொழிலாளர்கள் வந்து போகும் இடம். பின்னால் வந்தவர்கள் அங்கே தலைவருக்கென்று ஒரு வாசலும் இருக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். முன்னோர் நினைத்துப் பார்க்காததை நினைக்கத் துணிவு வேண்டும்.

நான்காவது, ஒற்றுமை. இதை நான் சற்று விரிவாகவே புகழ வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாத் திறமைகளுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் யு.ஏ.டபிள்யூ.வின் தலைவரைத் தொழிலாளர்கள் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை. கிளைகள் பிரதிநிதிகளை அனுப்பும், அந்தப் பிரதிநிதிகள் மாநாட்டில் வாக்களிப்பார்கள். ரூதர் காலத்தில் உருவான நிர்வாக அணி என்னும் ஒரே குழுவே ஏறக்குறைய 70 ஆண்டுகள் எல்லா உயர் பதவிகளையும் கையில் வைத்திருந்தது. வட்டார இயக்குநரின் கையில் இன்னொரு பலமும் இருந்தது. கிளையில் நன்றாகப் பேசுகிற, நாலு பேர் மதிக்கிற ஒருவரை அவர் சங்கத்தின் முழுநேர ஊழியராக எடுத்துக்கொள்ளலாம். அப்படிப் போகிறவர் கன்வேயரை விட்டு வெளியே வருகிறார். சட்டைக் கையில் கிரீஸ் படிவதில்லை, ராத்திரி ஷிஃப்ட் இல்லை. இயக்குநருக்குப் பிடிக்காவிட்டால் மறுபடியும் அதே கன்வேயருக்கு அனுப்பப்படலாம்.

இந்த ஏற்பாட்டில் யாரையும் மிரட்ட வேண்டிய அவசியம் இல்லை. சுருட்டுப் பெட்டியைத் தூக்கி வந்தவருக்கும், வீட்டுச் சாவியை வாங்கிக் கொடுத்தவருக்கும், பில்லில் கையெழுத்து வாங்கியவருக்கும் அவரவர் பழைய இயந்திரத்தின் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். அந்தச் சத்தம் போதும். அதனால் ஐந்தாம் வட்டாரத்தில் சண்டை இல்லை, சச்சரவு இல்லை, மாற்றுக் கருத்து வெளியே வரவில்லை. எந்த ஆலையிலும் காணக் கிடைக்காத அமைதி அந்த அலுவலகத்தில் நிலவியது. பொருளாளர் தலைவரானார், வட்டார இயக்குநர் அவருக்குப் பின் தலைவரானார், இயக்குநரின் நாற்காலிக்கு அடுத்தவர் வந்தார். வாழையடி வாழையாக வந்த அந்த வரிசை நீதிமன்றத்திலும் குலையவில்லை. பியர்சன் 2020 பிப்ரவரியிலும், ஜோன்ஸ் ஜூனிலும், வில்லியம்ஸ் செப்டம்பரிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஜோன்ஸுக்கு 28 மாதம், வில்லியம்ஸுக்கு 21 மாதம், பியர்சனுக்கு 12 மாதம் சிறை.

இந்த ஒற்றுமை எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் அதே ஐந்தாம் வட்டாரத்தின் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980-களில் அங்கே ஜெர்ரி டக்கர் என்று ஒருவர் துணை இயக்குநராக இருந்தார். செயின்ட் லூயிஸில் வேலைநிறுத்தம் செய்யாமலேயே, ஆலைக்குள் விதிப்படி மட்டும் வேலை பார்த்து நிர்வாகத்தைப் பணியவைக்கும் போராட்டங்களைக் கற்றுக்கொடுத்தவர். சலுகைகளை விட்டுக்கொடுத்துக்கொண்டே போகும் தலைமையின் பாதை தவறு என்று சொல்லி 1986-ல் இயக்குநர் பதவிக்கு நின்றார். போட்டியிட்டதற்காக அவருடைய வேலை போயிற்று. ஒரு வாக்குக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றதாக அறிவித்தார்கள். அரசின் தொழிலாளர் துறை வழக்குத் தொடுத்து, மறுதேர்தல் நடந்து, 1988-ல் அவர் வென்றார். அடுத்த ஆண்டே மாநாட்டில் அவரைத் தோற்கடித்து அனுப்பிவிட்டார்கள். 2012-ல் டக்கர் இறந்தார். ஜோன்ஸ் இயக்குநரானதும் அதே ஆண்டில்தான். கேள்வி கேட்ட ஒருவரை இவ்வளவு முழுமையாக வெளியேற்றிய ஓர் இடத்தில், அதன் பிறகு கேள்வி எழாததில் வியப்பில்லை. நெல்லோடு முளைத்ததைக் களை என்று பிடுங்கினார்கள். பிடுங்கியது நெல்லைத்தான் என்று தெரிய முப்பது ஆண்டு ஆயிற்று.

ஐந்தாவது, மலர்களின் மீது அவர்கள் வைத்திருந்த பற்று. சங்க அலுவலகங்களில் மலர் நிதி என்று ஒன்று உண்டு. உறுப்பினர் வீட்டில் துக்கம் என்றால் பூ அனுப்புவதற்காக ஊழியர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து போட்டுவைக்கும் பணம் அது. சாவு வீட்டுக்குச் சங்கத்தின் பெயரால் போகும் ஒரு கைப்பிடிப் பூவுக்கு எவ்வளவு மரியாதை என்று ஆலைத் தொழிலாளி குடும்பத்தில் பிறந்தவருக்குத் தெரியும். அந்த நிதி காலப்போக்கில் தலைவர்களின் தேர்தல் காலச் செலவுகளுக்கும் உதவியது. பூ வாங்கும் பணத்தைக்கூட வீணாக வாடவிடவில்லை.

ஆறாவது, தியாகத்தைக் கேட்டுப் பெறும் ஆற்றல்.

2019 ஆகஸ்ட் 28-ம் தேதி மத்தியப் புலனாய்வு அதிகாரிகள் ஒரே நாளில் பல இடங்களில் நுழைந்தார்கள். டெட்ராய்ட்டுக்கு அருகே ஜோன்ஸின் வீடு, மிசூரியில் பியர்சனின் வீடு, ஹேசல்வுட்டில் வட்டார அலுவலகம், கலிஃபோர்னியாவில் வில்லியம்ஸின் வீடு, பிளாக் லேக் மையம் ஆகியவை சோதனைக்கு உள்ளாயின. ஜோன்ஸின் வீட்டில் 30,000 டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தது. விலை உயர்ந்த மதுப் புட்டிகளும் கோல்ஃப் மட்டைகளும் சுருட்டுகளும் சோதனையில் கைப்பற்றப்பட்டன. செப்டம்பர் 12 அன்று பியர்சன் மீது வழக்குப் பதிவானது. நான்கே நாளில், செப்டம்பர் 16 அன்று, ஜெனரல் மோட்டார்ஸில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 48,000 பேர் வெளியே வந்தார்கள். அவர்களை வழிநடத்தும் நாற்காலியில் அப்போது ஜோன்ஸ்தான் இருந்தார்.

தலைவர் வீட்டில் சோதனை நடந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் அந்த மக்கள் ஆலை வாசலுக்கு வந்தார்கள். வந்து, 40 நாட்கள் நின்றார்கள். வென்ட்ஸ்விலிலும் ஆர்லிங்டனிலும் ஃபேர்ஃபேக்ஸிலும் முறை போட்டு, பகலும் இரவும் வாசலைக் காத்தார்கள். வேலைநிறுத்த நிதியிலிருந்து வாரத்துக்கு 250 டாலர், பின்னர் 275 டாலர் கிடைத்தது. அதுவும் முதல் வாரத்துக்குக் கிடையாது, எட்டாம் நாளிலிருந்துதான் கணக்கு. வீட்டுக் கடன் தவணை தள்ளிப்போயிற்று, பிள்ளைகளின் செலவு தள்ளிப்போயிற்று. தற்காலிகத் தொழிலாளிகளாக ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. தன் சம்பளம் உயராவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் நிற்கிற பையனுக்கு வேலை நிலைக்கட்டும் என்று மூத்தவர்கள் நின்றார்கள். நவம்பர் 20 அன்று ஜோன்ஸ் பதவி விலகினார். அப்படிப்பட்ட தலைவர்களின் கீழும் இப்படிப்பட்ட தொண்டர்கள் நின்றார்கள் என்றால், அந்தத் தலைவர்களுக்கு வாய்த்த பேறு சாதாரணமானதா? ரூதருக்குக்கூட இவ்வளவு பொறுமையான உறுப்பினர்கள் தேவைப்படவில்லை.

ஏழாவது, முதலாளிகளுக்குச் செய்த தொண்டு. இதை மறந்தால் நன்றி கொன்றவனாவேன்.

டெட்ராய்ட்டில் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனமும் சங்கமும் சேர்ந்து நடத்திய பயிற்சி மையத்தின் வழியாக, நிறுவன அதிகாரிகள் வேறு சில சங்கத் தலைவர்களுக்கு லட்சக்கணக்கான டாலர் கொடுத்த வழக்கு 2017-ல் வெளியானது. கொடுத்தவர்களில் ஒருவர் தனக்கென்று ஒரு ஃபெராரி காரும், மிக விலை உயர்ந்த இரண்டு பேனாக்களும் அதே பணத்தில் வாங்கியிருந்தார். 2021-ல் அந்த நிறுவனமே குற்றத்தை ஒப்புக்கொண்டு 3 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது. கை நீட்டியவர் இருந்ததால் கொடுக்கும் கையும் இருந்தது. இந்த ஊழல் வழக்குகள் நடந்துகொண்டிருந்தபோது, 2019 ஜூனில், டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில் ஃபோக்ஸ்வேகன் தொழிலாளர்கள் சங்கத்தில் சேரலாமா என்று வாக்களித்தார்கள். வேண்டும் என்றவர்கள் 776 பேர், வேண்டாம் என்றவர்கள் 833 பேர். சங்கத்தை எதிர்த்தவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஊழல் வழக்கின் நாளிதழ்ச் செய்தியைக் காட்டினாலே போதுமாக இருந்தது. சங்கத்தை உடைப்பதற்கென்றே ஆலோசகர்களுக்குக் காசு கொடுக்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் ஏராளம். அந்த ஆலோசகர்கள் செய்ய முடியாததைச் சங்கத் தலைவர்களே சந்தாப் பணத்தில் செய்து கொடுத்தார்கள். முதலாளிக்கு ஒரு காசு செலவில்லை.

கடைசியாக, அவர்கள் விட்டுச் சென்ற கொடை. எல்லாப் பாராட்டிலும் பெரியது இதுதான்.

2019 முடிவதற்குள், ஐந்தாம் வட்டாரத்தையே கலைத்துவிடுவது என்று சங்கத்தின் செயற்குழு தீர்மானித்தது. அதன் மாநிலங்கள் மற்ற வட்டாரங்களோடு சேர்க்கப்பட்டன. ஒரு வட்டாரமே வரைபடத்திலிருந்து மறையும் அளவுக்குத் தலைமை தாங்கியவர்கள் தொழிற்சங்க வரலாற்றில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். 2021 ஜனவரியில் நீதிமன்ற ஒப்பந்தத்தின்படி சங்கம் ஆறு ஆண்டுகளுக்கு வெளிக் கண்காணிப்பாளர் ஒருவரின் கீழ் வந்தது. உறுப்பினர்கள் தலைவரை நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்று அவர்களையே கேட்டு வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. அந்த ஆண்டு முடிவில் வாக்களித்தவர்களில் 63 சதவீதத்துக்கும் மேலானவர்கள் வேண்டும் என்றார்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதைத்தான் டக்கரின் தோழர்கள் வாழ்நாளெல்லாம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. பாம் ஸ்பிரிங்ஸ் வீடுகள் இல்லாதிருந்தால் அந்த உரிமை இன்னும் எத்தனை ஆண்டு தள்ளிப்போயிருக்குமோ! 2023 மார்ச்சில், சுமார் 1,38,000 வாக்குகளில் 483 வாக்கு வித்தியாசத்தில், நிர்வாக அணிக்கு எதிராக நின்ற ஷான் ஃபெயின் தலைவரானார்.

இதற்காக ஐந்தாம் வட்டாரத் தலைவர்களுக்கு நன்றி சொல்ல வந்தேன். சொல்ல வந்த இடத்தில் மனம் வேறு பக்கம் திரும்புகிறது. ஔவையின் பாராட்டும் பாதியில்தான் தொண்டைமானைப் பற்றியது. மறுபாதி அந்தக் கொட்டிலில் இல்லாத வேல்களைப் பற்றியது.

2023 செப்டம்பர் 14 நள்ளிரவில், டெட்ராய்ட்டின் மூன்று பெரிய நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சங்க வரலாற்றில் மூன்றும் சேர்ந்து நின்றது அதுவே முதல் முறை. எல்லா ஆலைகளையும் ஒரேயடியாக நிறுத்தாமல், நிறுவனத்துக்கு ஓர் ஆலையாக மூன்றே ஆலைகளில் ஆரம்பித்தார்கள். ஃபோர்டுக்கு மிச்சிகனில், ஃபியட் கிரைஸ்லரின் இடத்துக்கு வந்த ஸ்டெலாண்டிஸுக்கு ஒஹாயோவின் டொலிடோவில். ஜெனரல் மோட்டார்ஸுக்கு அவர்கள் தேர்ந்தது மிசூரியின் வென்ட்ஸ்வில். கலைந்துபோன ஐந்தாம் வட்டாரத்தின் ஆலை. சுமார் 3,600 பேர் ராத்திரி ஷிஃப்டின் நடுவில் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்கள்.

பத்து ஆண்டுகளாகத் தங்கள் சந்தா எங்கே போயிற்று என்று அவர்களுக்குத் தெரியும். தங்கள் வட்டாரத்தின் பெயர் எந்தச் செய்தியில் எப்படி வந்தது என்று தெரியும். வெட்கப்பட்டுச் சங்கத்தை விட்டு விலகியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர்கள் விலகவில்லை. சந்தாவைக் கட்டினார்கள், வாக்கைப் போட்டார்கள், நள்ளிரவில் வாசலுக்கு வந்தார்கள். இந்த முறை வேலைநிறுத்தப் படி வாரத்துக்கு 500 டாலர். சுமார் ஆறு வாரத்தில் மூன்று நிறுவனங்களும் இறங்கி வந்தன. நாலரை ஆண்டு ஒப்பந்தத்தில் 25 சதவீத ஊதிய உயர்வும், 2009-ல் பறிபோயிருந்த விலைவாசிப் படியும் கிடைத்தன. அடுத்த ஏப்ரலில் அதே சட்டனூகாவில் மறுபடியும் வாக்கெடுப்பு நடந்தது. சங்கத்துக்கு ஆதரவாக 2,628 வாக்குகள், எதிராக 985.

புதிய தலைமை மீதும் கண்காணிப்பாளர் 2024-ல் விசாரணை தொடங்கினார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு தலைவரை மாற்றி இன்னொருவரை உட்காரவைத்ததோடு உறுப்பினரின் வேலை முடிந்துவிடுவதில்லை. பில்லைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறவர் கிளைக்கு ஒருவராவது வேண்டும். அப்படிப் பார்க்கிறவரைப் பழைய கன்வேயரைக் காட்டி பயமுறுத்த முடியாத ஏற்பாடும் வேண்டும். டக்கர் கேட்டது அவ்வளவுதான்.

கேரி ஜோன்ஸ், வான்ஸ் பியர்சன், டென்னிஸ் வில்லியம்ஸ் ஆகியோருக்கு என் பாராட்டு நிற்கட்டும். உபசரிப்பிலும் கணக்கிலும் ஒற்றுமையிலும் அவர்கள் குறை வைக்கவில்லை. ஹேசல்வுட் அலுவலகத்திலிருந்தும் அவர்களுடைய வீடுகளிலிருந்தும் அதிகாரிகள் எடுத்துப்போன பொருட்களின் பட்டியலில் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. சிதைந்து கிடந்தவை வென்ட்ஸ்வில் ஆலை வாசலில் இருந்தன. 40 நாள் மழையில் நனைந்த கோரிக்கை அட்டைகள், இரவெல்லாம் விறகு எரிந்து கருகிய பீப்பாய், சேமிப்பு தீர்ந்துபோன வீடுகள். 2023-ல் அந்த மக்கள் மறுபடியும் எடுத்து வந்தது அவற்றைத்தான்.